அம்மாளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்

மிஸி அம்மா காலமான செய்தி வந்தபோது நான் நான்காம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சேவகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். வழியில் ரயர் வெடித்துவிட்டதாம். இந்த யுத்த காலத்தில் புது ரயருக்கு எங்கே போவது? யன்னலுக்கு வெளியே நின்று, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரீச்சர், விடியப்புறம் மிஸி அம்மா போட்டா" என்றான். "எங்கை போட்டா?" என்று கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகும் நான் கரும்பலகையில் பெருக்கலை முடித்து, விடையின் கீழே கோடும் இழுத்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தேன்.

அன்று மாலையே அடக்கம். மிசன் கோயில் நிறைந்த சனம். சபை மூப்பர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேசினார். "கடற்கரைக்காரர் மறைத்துக் கொண்டுவந்து விட்ட கொடிய நோயின் நடுவிலும், இந்த அன்னை எங்கள் பிள்ளைகளைக் காத்தார்" என்றார். கடைசி வாங்குப் பலகைக்குப் பின்னால், நிலத்தில், கடற்கரைச் சனம் இருந்தது. அவர்களோடு வள்ளிப்பிள்ளையும் இருந்தாள்; அவளுடைய கதைக்குப் பிறகு வருகிறேன். எனக்கு உடம்பு முழுவதும் கூசிப்போயிற்று. இறந்தவர் பெட்டிக்குள் கிடக்கிறார். அவர் வாழ்நாள் முழுக்க மறுத்துவந்த பொய்யை அவர் தலைமாட்டிலேயே நின்று சொல்கிறோமே! வெட்கம் கெட்ட சனம் நாங்கள் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சபைப் பத்திரிகைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். நல்ல வார்த்தைதானா என்பதை வாசிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மிஸி அம்மாவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மயிலிட்டிக் கடற்கரைக்கு இறங்கும் வழியில் இருக்கும் எங்கள் மிசன் வளவின் பெண்பிள்ளைகள் விடுதிக்கு அவர் தலைவியாக வந்தபோது, நான் அங்கே இளம் உபாத்தியாயினி. சீமையிலிருந்து வந்த வெள்ளைக்காரர், ஆள் நல்ல உயரம். வெயிலுக்குப் பெரிய ஓலைத்தொப்பி. தமிழை ஒரு பண்டிதரிடம் முறையாகக் கற்றவர். ஆகையால் மீன்காரியிடமும், "அம்மணி, இம்மீன் இன்று பிடிக்கப்பட்டதா?" என்றுதான் கேட்பார். மீன்காரி சிரித்துச் சிரித்து ஒரு மீன் கூடப் போட்டுவிட்டுப் போவாள். அவர் தம் தமிழை நம்பினார். தமிழ்ப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி வந்த கிழமை, பிள்ளைகளுக்கெல்லாம் தொதல் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பெருமையோடுதான் கடற்கரைக்குத் தனியாகப் போனார். வழக்கமாக நானோ வேறொருவரோ கூடப் போவோம். "இனி எனக்குத் துணை வேண்டியதில்லை" என்று குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். வள்ளிப்பிள்ளையின் மூத்த மகள் செல்லத்தை விடுதியில் சேர்ப்பதாக முன்பே பேச்சு. அவளைக் கூட்டிவருவதுதான் அன்றைய வேலை.

நடந்ததை அவர் வாயாலும் வள்ளிப்பிள்ளை வாயாலும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான். வாசல் படலையில் வேப்பிலைக் கொத்துச் சொருகியிருந்தது. யாரோ விருந்தாளிக்குத் தோரணம் என்று மிஸி அம்மா நினைத்தார். வள்ளிப்பிள்ளை முற்றத்தில் நின்றபடியே, "உள்ளுக்கை வராதையுங்கோ, அம்மாள் வந்திருக்கிறா" என்றாள்.

எங்களில் யாருக்கு இதை விளக்க வேண்டும்? வைசூரி கண்ட வீட்டில் நோய் என்ற சொல்லை வாயில் எடுப்பார்களா? அம்மாள் வந்திருக்கிறா, அம்மாள் நிக்கிறா, அம்மாள் இறங்கிட்டா. அவ்வளவுதான். பண்டிதர் படிப்பித்ததோ, அம்மாள் என்றால் மதிப்புக்குரிய சீமாட்டி. வீட்டுக்குப் பெரிய மனுஷி ஒருத்தி வந்திருக்கிறா என்று மிஸி அம்மா விளங்கிக்கொண்டார்.

"மிக்க மகிழ்ச்சி! நானும் அவர்களுக்கு வணக்கம் சொல்லலாமா?" என்றார்.

அம்மாளைக் கும்பிட வேண்டும் என்று ஒருவர் கேட்டால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வள்ளிப்பிள்ளை விலகி நின்றாள். இருட்டு அறைக்குள் வெள்ளைத் துணி மூடிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வள்ளிப்பிள்ளையின் மாமியார் கழுவின பாயில் இருந்தார். அவர்தான் அந்தச் சீமாட்டி என்று எண்ணி, மிஸி அம்மா கைகூப்பிக் கும்பிட்டார். பிறகு செல்லத்தைக் கூப்பிட்டார்.

"அம்மாள் நிக்கேக்கை வீட்டாலை ஒருத்தரும் வெளிக்கிடப்படாது, மிஸி அம்மா" என்றாள் வள்ளிப்பிள்ளை.

விருந்தாளிக்கு மரியாதைக் குறைவென்று தயங்குகிறாள் போலும் என்று நினைத்து மிஸி அம்மா சிரித்தார். "அஞ்ச வேண்டாம். அம்மாளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

அம்மாளிடமே சொல்லிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்து நின்று சொன்னால் எந்தத் தாய் மறுப்பாள்? செல்லம் புதுப் பாவாடையோடு எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தாள்.

நல்ல துடியான பிள்ளை. வந்த கொஞ்ச நாளிலேயே மிஸி அம்மா மாதிரிக் கதைத்துக்காட்டி விடுதியைச் சிரிக்கவைத்தாள். பிறகு காய்ச்சல் என்று படுத்தாள். ஒருநாள் காலை குசினிக்காரி செல்லத்துக்குக் கஞ்சி கொண்டுபோனவள், சட்டியையும் வைத்துவிட்டு ஓடிவந்து, "ஐயோ, அம்மாள் வந்திட்டா!" என்று கத்தினாள். மிஸி அம்மா மேசையை விட்டு எழுந்தார். "யார், அந்த அம்மாளா? வெளியே நிற்கவைக்காதீர்கள். கதிரை போடுங்கள்" என்றார்.

சொல்லுக்கு அர்த்தம் சொன்னது நான்தான். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். சிவந்த முகம் சுண்ணாம்பு பூசினதுபோல் ஆயிற்று. "வேப்பிலை" என்றார். "வெள்ளைத் துணி" என்றார். ஒவ்வொன்றாக நினைவு வந்தது போலும். பிறகு, "அவர்கள் எனக்குச் சொன்னார்கள். தமிழில், தெளிவாக, சொன்னார்கள்" என்றார்.

சுகாதாரப் பகுதியார் வந்து வளவுப் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஒருவரும் வெளியே போகக்கூடாது, ஒருவரும் உள்ளே வரக்கூடாது. அரிசியும் மரக்கறியும் மதிலுக்கு மேலால் கடகத்தில் இறங்கின. உள்ளே நாங்களும் பிள்ளைகளும். செல்லத்திடமிருந்து வேறு சில பிள்ளைகளுக்கும் தொற்றியது. வைசூரி வராமல் முன்பே அம்மைப்பால் குத்தியிருந்த மிஸி அம்மாவும் நானும் நோயாளிப் பிள்ளைகளோடு நின்றோம்.

சபையார் இன்றைக்கும் மெச்சுகிற மிஸி அம்மாவின் உற்சாகம் அந்த நாள்களினுடையதுதான். மெச்சத் தகுந்ததும்கூட, நான் இல்லையென்று சொல்லவில்லை. விடிந்தால் மணி அடிக்கும். சுகமாயிருந்த பிள்ளைகளுக்கு முற்றத்து மணலில் உலகப்படம் கீறி, "கப்பலில் ஏறுங்கள்" என்று கண்டம் கண்டமாக நடக்கவைப்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும் பகல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏணியில் ஏறி நின்று வாய்ப்பாடு கத்துவார். அவர்கள் தெருவில் நின்று திருப்பிக் கத்துவார்கள். போகிற வருகிற வண்டிக்காரனும் சேர்ந்து கத்துவான். துணி அவித்தோம், கத்தரி நட்டோம், கீர்த்தனை பாடினோம். யாராவது முகம் வாடினால், "நாளை இன்னும் நலமாயிருக்கும்" என்பார். அதுவே விடுதியின் பேச்சாகிவிட்டது. சோறு குழைந்தாலும், ஊசி தொலைந்தாலும், நாளை இன்னும் நலமாயிருக்கும்.

"கொஞ்சம் இருங்கோவன், மிஸி அம்மா. இடுப்பு முறிஞ்சு போம்" என்று ஒருநாள் பேசிவிட்டேன். அவர் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார். "இருந்தால் மனம் வள்ளிப்பிள்ளை வீட்டு வாசலில்தான் போய் இருக்கும், ரீச்சர். அதனால் இருக்கமாட்டேன்" என்றார். அவருடைய உற்சாகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அது வெட்கம்.

பொழுது சாயும் நேரம் வள்ளிப்பிள்ளை தெருவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். வீட்டில் குழந்தைக்கு முத்துக் காய்ந்து அம்மாள் இறங்கி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் வார்த்தாயிற்று. தண்ணீர் வார்த்தால் எல்லாம் சரி. பிள்ளை வெளியே வரலாம், சனம் உள்ளே போகலாம். செல்லத்துக்கும் அந்தத் தண்ணீர் எப்போது வார்க்கலாம் என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. மிஸி அம்மா படலைக்கு இந்தப் பக்கம் நின்று, "இன்று இரண்டு மிடறு கஞ்சி குடித்தாள்! நாளை இன்னும் நலமாயிருக்கும்!" என்று கூவுவார்.

செல்லம் தப்பவில்லை. வேறு பிள்ளைகள் தேறினார்கள். அவள் ஒருத்திதான் போனாள். அதற்கு முதல் நாள், வாயெல்லாம் புண்ணாயிருந்த நேரத்தில், மிஸி அம்மாவின் முகத்தைப் பார்த்து, அவருடைய குரலிலேயே, "நாளை இன்னும் நலமாயிருக்கும்" என்று சொல்லிக்காட்டினாள். நான் வெளியே போய் நின்று அழுதேன்.

அவள் போன அன்று படலைக்கு மிஸி அம்மா வெறுந்தலையோடு போனார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் கூவவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, "செல்லம் இறந்துவிட்டாள். குற்றம் என்னுடையது. நீங்கள் சொன்ன அம்மாள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள்போல நடந்தேன்" என்றார்.

வள்ளிப்பிள்ளை தலையில் அடித்துக்கொள்ளவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"அம்மாளிட்டைச் சொல்லுறன் எண்டியளே, மிஸி அம்மா" என்றாள். பிறகு வீட்டுக்குப் போனாள்.

படலை திறந்தபின் ஊருக்குள்ளே கதை வேறாயிற்று. கடற்கரைச் சனம் வைசூரி வருத்தத்தை மறைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டது என்றார்கள். அடுத்த வருடங்களில் கடற்கரைப் பிள்ளைகளை விடுதியில் சேர்க்காமல் விட ஆயிரம் சாட்டுச் சொன்னார்கள். மிஸி அம்மா கோயிலிலே எழுந்து நின்று, "அவர்கள் மறைக்கவில்லை. என்னிடம் சொன்னார்கள். நான்தான் கொண்டுவந்தேன்" என்றார். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு தோத்திரப் பண்டிகையிலும் சொன்னார். சனம் என்ன செய்தது தெரியுமா? "பாருங்கோ, எவ்வளவு தாழ்மை!" என்று உச்சுக்கொட்டியது. தாழ்மை, தாழ்மை என்று சொல்லியே அந்த மனுஷியின் வாயை அடைத்துவிட்டோம். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாத துன்பம் அவருக்கு. வெட்கப்பட வேண்டிய நாங்கள் அவரைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. மருந்தோ, பால்மாவோ, புத்தகமோ, எது கொண்டுபோனாலும் படலையில் நின்று கொடுப்பார். மழை பெய்தாலும் குடையோடு அங்கேதான். கடற்கரைக்குக் கிழமை தவறாமல் போவார். வள்ளிப்பிள்ளை முதல் இரண்டொரு வருடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள், "உள்ளுக்கை வாங்கோவன், மிஸி அம்மா. உதிலை நிண்டு என்ன செய்யிறியள்?" என்றாள். "இல்லை. இங்கேயே நிற்கிறேன்" என்றார் அவர். அதன்பின் ஒவ்வொரு முறையும் அவள் கூப்பிடுவாள், அவர் மறுப்பார். தலை நரைத்து, தடி ஊன்றி, மற்றவர் கைபிடித்து நடந்த காலத்திலும் படலைதான்.

இனி அடக்கம் நடந்த சேமக்காலைக்கு வருகிறேன். செபம் முடிந்து, மண் போட்டு, சனம் கலையத் தொடங்கியது. மூப்பர் என்னிடம் வந்து, "ரீச்சர், பழைய கதையளை எழுதிப்போடாதையுங்கோ. போனவவுக்கு ஏன் பழி?" என்றார். "பழியை நீங்கள் கொண்டுபோய் அந்தச் சனத்தின்ரை தலையிலை வைச்சிட்டியள், ஐயா. நான் எடுக்கப் போறன்" என்றேன்.

அப்போதுதான் வள்ளிப்பிள்ளை ஒரு செம்போடு வந்தாள். வேப்பிலை மிதக்கும் மஞ்சள் தண்ணீர். "உது வேதக்காரற்றை சேமக்காலை" என்று சபையாரில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. புது மண்ணின் தலைப்பக்கம் குனிந்து, பிள்ளைக்கு வார்ப்பதுபோல் கையால் மறைத்து மறைத்து, மெதுவாக வார்த்தாள். தன் மகளுக்கு வார்க்கக் கிடைக்காத தண்ணீர்.

"தண்ணி வாத்தாச்சு, மிஸி அம்மா" என்றாள். "அம்மாளிட்டை நான் சொல்லிப்போட்டன். இனி உள்ளுக்கை வாங்கோ."

போய் வாருங்கள், மிஸி அம்மா. இனி எந்தப் படலையிலும் நிற்க வேண்டாம். அங்கே நிற்க வேண்டியவர்கள் நாங்கள்.