குழல்காரரின் வயிற்றெரிச்சல்

ஊரில் அவருக்குக் குழல்காரர் என்று பெயர். புல்லாங்குழலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் குழல்களைச் செப்பனிடுகிறவர். கட்டை உடைந்திருந்தால் தச்சரிடம் அனுப்பிவிடுவார், விசை பழுதென்றால் வேறு ஆளைக் கைகாட்டுவார். குழல் என்றால் மட்டும் அவர் தொடுவார். அறுபத்தொரு வயது. டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறைப் பட்டறை, வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். குழலை ஜன்னல் பக்கம் உயர்த்தி ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தால், ஜன்னல் சட்டத்தின் நிழல் நேர்கோடாக ஓட வேண்டும். கோடு எங்கே வளைகிறதோ, அங்கே குழலும் வளைந்திருக்கிறது.

பழைய முறுக்குக் குழல்கள் என்றால் அவருக்கு உயிர். இரும்புப் பட்டையும் எஃகுப் பட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி, கயிறுபோல முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி அடித்து ஒட்டியவை. அமிலம் பட்டால் மேலே விரல்ரேகை போல வரி எழும்பும். ஒன்றன் வரி இன்னொன்றுக்கு வராது.

அந்த வரியைப் பார்த்து வாய்பிளக்க வந்த கூட்டத்தை மைத்துனன் பிரித்துவிட்டான்.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. போன வருஷம் வரை தையல் மெஷின் விற்றவன். இப்போது பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. அதில் பழைய துப்பாக்கிகளை அப்படியே அச்சில் வார்த்தாற்போன்ற புதுத் துப்பாக்கிகள். அதே வளைவு, அதே செதுக்கு வேலை. குழல் மட்டும் வேறு: ஒரே எஃகுத் தண்டை மெஷினில் துளைத்தது. மேலே வரிகூட அமிலத்தில் அச்சடித்திருந்தார்கள்.

“ஒட்டு மீசை,” என்றார் குழல்காரர், சாப்பிடும்போது.

“யாருக்கு?” என்றாள் மனைவி.

“உன் தம்பி விக்கிற சாமானுக்கு.”

“உங்க வயித்தெரிச்சல்ல வெந்நீரே போட்டுக்கலாம் போலிருக்கு. காஸ் மிச்சம்.”

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அந்தக் கடையைக் கடக்காமல் பட்டறைக்குப் போக ஒரு சுற்றுவழி கண்டுபிடித்திருந்தார். பன்னிரண்டு நிமிஷம் கூடுதல். ஆனால் சுற்றுவழியிலும் ஒரு சந்து வாயிலிருந்து அந்தக் கண்ணாடிக் கதவு தெரியும். அங்கே நின்று உள்ளே எத்தனை தலை என்று எண்ணிவிட்டுத்தான் போவார்.

ஒரு வியாழக்கிழமை பல் டாக்டரம்மா பட்டறைக்கு வந்தார். களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் சங்கத்தில் அவர் நல்ல கை. இரண்டு உறைகள் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் அவருடைய அப்பா விட்டுப்போன முறுக்குக் குழல் துப்பாக்கி. மற்றதில் மைத்துனன் கடையின் புதுசு. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தது.

“ஞாயித்துக்கிழமை போட்டி. எதை எடுத்துட்டுப் போகட்டும்னு நீங்களே சொல்லிடுங்க.”

“இதுல கேக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? சாயங்காலம் வாங்க.”

அவர் போனதும் குழல்காரர் புதுசைத்தான் முதலில் கழற்றினார். ஏதாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்ற ஆசை. விரலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டினார். இரண்டு குழல்களையும் சேர்க்கிற பற்றவைப்பு எங்காவது விட்டிருந்தால் சத்தம் செத்து விழும். இது கோயில் மணிபோல் நீண்டு அடங்கியது. ஜன்னலுக்கு உயர்த்தினார், நிழல் நூல் பிடித்தாற்போல் ஓடியது. குழல் சுவரின் கனத்தை முள் கருவியால் அளந்தார். எங்கே வைத்தாலும் முள் ஒரே இடத்தில் நின்றது. கருவி பழுதோ என்று தன் மோதிரத்தை அளந்துபார்த்தார். கருவி சரி.

பிறகு பழசு. தட்டினார், நன்றாகவே பாடியது. உள்ளே கண்ணாடி மாதிரி பளபளப்பு. அது அவர் கொடுத்த பளபளப்பு. டாக்டரம்மாவின் அப்பா காலத்தில் இரண்டு தடவை, பிறகு ஒரு தடவை, துருக் குழிகள் தெரிகிறதென்று உள்ளே ராவி ராவி மெருகேற்றியிருந்தார். ஊரே அதைப் பார்த்துப் பேசியிருக்கிறது.

தோட்டா போடும் அறையிலிருந்து ஒரு சாண் தள்ளி முள் கீழே இறங்கியது. திருப்பி அளந்தார். அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கருமருந்துக்காகச் செய்த குழல். இப்போது போடுவதோ அழுத்தம் கூடிய இந்தக் காலத்துத் தோட்டா, மெலிந்த இடம் பிளந்துவிடலாம். சுடுகிறவரின் இடது கை பிடிக்கிற இடமும் அதேதான்.

குழிகளோடு சேர்த்துச் சுவரையும் ராவியிருந்தார். மெருகுக்கு ஆசைப்பட்டுக் குழலைத் தின்றிருந்தார்.

ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சொன்னால் டாக்டரம்மா நேராகப் பெரிய தெருவுக்குப் போவார். குழல் என்றால் குழல்காரர் என்ற பேச்சும் கூடவே போகும். சொல்லாவிட்டால், ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து, உறையைத் தூக்க இடது கையை நீட்டினார்.

“பழசைச் சுடாதீங்கம்மா. ஒரு இடத்துல சுவர் தேஞ்சிருக்கு. தேச்சது நான்தான்.”

“நீங்களா?”

“பளபளப்பா இருக்கணும்னு.” மற்ற உறையை அவர் பக்கம் தள்ளினார். “புதுசு சரியா இருக்கு. எங்க தேடியும் குத்தம் கிடைக்கலை.”

“ரொம்பத் தேடினீங்களோ?”

“மூணு மணி நேரம்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பையும் அந்த வாக்கியத்தையும் அவர் சங்கத்துக்கு எடுத்துப்போனதுதான் வினை. மச்சானுக்கு மச்சினன் மேல் எவ்வளவு காய்ச்சல் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவரே தேடிக் கிடைக்கவில்லை என்றால் அப்புறம் என்ன? அடுத்த வாரமே மைத்துனன் மூன்று புதுத் துப்பாக்கிகளோடு பட்டறை வாசலில் நின்றான்.

“மச்சான், நீங்க பாத்துட்டு சீட்டு எழுதித் தந்தாத்தான் வாங்குவேங்கறாங்க.”

“வேற ஆளே இல்லியா மாப்ளே?”

“உங்க அளவுக்கு என்னைப் பிடிக்காதவங்க யாரும் கிடைக்கலை.”

அன்றிலிருந்து அவர் அளக்கிறார். ஒவ்வொரு குழலையும் எதிரியைச் சோதனை போடுவதுபோலச் சோதிக்கிறார். பதினாறு குழல்கள் சரியாகவே வந்தன. பதினேழாவதில் துளை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அவருக்குப் பசி மறந்துவிட்டது. சுற்றுவழியை விட்டு, நேராகப் பெரிய தெருவழியே, குழலைக் கையில் பிடித்தபடி நடந்தார். கடையில் ஏழு பேர் இருந்தார்கள். நல்ல கூட்டம்.

“மாப்ளே, இது கோணல். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிவு.”

மைத்துனன் வாங்கிப் பார்த்தான். முகம் மாறவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

“பாத்தீங்கல்ல? எங்க மச்சான் கண்ணுக்குத் தப்பி இந்தக் கடையை விட்டு ஒண்ணும் வெளிய போகாது. இது கம்பெனிக்கே திரும்பிப் போகுது.”

ஓரமாக நின்ற ஒரு வக்கீல் இன்னொன்றைக் கையில் எடுத்தார். “இது அவர் பாத்ததா?”

“நேத்து பாத்தது.”

“அப்ப இதையே கட்டுங்க.”

குழல்காரர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே கேட்டாள்.

“பறந்து போனீங்களாமே. என்ன ஆச்சு?”

“ஒண்ணு வித்துக் குடுத்துட்டு வந்திருக்கேன்,” என்றார்.