குரல் போன பிறகு வந்த கண்காட்சி

பொட்டலம் ஒட்டும் இயந்திரம் செய்கிற அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் ‘மைக்செட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வணிகக் கண்காட்சியில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்து அரங்குக்காரர்களும் வேடிக்கை பார்ப்பார்கள். சும்மா நடந்து போகிறவரைக்கூட நிறுத்தி, சிரிக்க வைத்து, இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்க வைத்துவிடுவார். ஐம்பதைத் தாண்டியபோது தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது.

தேறி வந்தவரை முதலாளியம்மா கிடங்கில் உட்கார வைத்தார். இரக்கப்பட்டுச் செய்ததுதான். ஆனால் நாளெல்லாம் திருகாணிப் பெட்டிகளோடு இருப்பது அவருக்கு ஒட்டவில்லை. அடுத்த கண்காட்சி நெருங்கியதும் கைப்பேசியில் எழுதிக்கொண்டு போய் நீட்டினார்: “ஆளுங்களை வரவைக்கிற வேலையை எனக்குக் கொடுங்க.”

“பேசறதுக்குத்தானேண்ணே வர்றாங்க?” என்றார் முதலாளியம்மா தயக்கத்தோடு.

“வர்றதுக்கு முன்னாடியே பேசிடறேன்” என்று தட்டிக் காட்டினார்.

முதலில் பட்டறையின் சமூக ஊடகப் பக்கத்தில் ‘வாருங்கள், பாருங்கள்’ என்று பளபளப்பான படங்களைப் போட்டார். ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

“எல்லாருக்கும் ஒரே சேதியை அனுப்பினா யாருங்க திரும்பிப் பார்ப்பா?” என்றாள் மனைவி. “ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன கஷ்டம்னு கேளுங்க. வாய் இருந்தப்போ அதைத்தானே செஞ்சீங்க?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தார்.

தொழில் செய்கிறவர்கள் கூடும் குழுக்களில் சேர்ந்தார். யார் எதற்குப் புலம்புகிறார்கள் என்று படித்தார்; தெரிந்ததற்குப் பதில் எழுதினார். தன் கைகள் மட்டும் தெரியும்படி சின்னச் சின்னக் காணொளிகள் போட்டார். சோப்புத்தூள் விற்கும் ஒரு பெண் எழுதினாள்: “பையோட வாய் சரியா ஒட்டவே மாட்டேங்குது. வண்டியில போறப்பவே பிரிஞ்சு கொட்டிடுது.”

அவளுடைய தூளையே பார்சலில் வரவழைத்து இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார். ஒட்டும் இடத்தில் தூள் பறந்து படிந்தது. புனலை நீட்டி, தூள் பையின் அடியில் போய் விழும்படி செய்ததும் பை கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. காணொளியை அனுப்பினார்.

“கண்டிப்பா கண்காட்சிக்கு வர்றேன். உங்ககிட்ட நேர்ல பேசணும்” என்று பதில் வந்தது.

அந்தக் கடைசிச் சொல் சுருக்கென்று தைத்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“நேர்ல வந்தா தெரியாமலா போகும்?” என்றாள் மனைவி. “நீங்களே சொல்லிடுங்க.”

தயங்கித் தயங்கிச் சமூக ஊடகப் பக்கத்தில் எழுதினார்: ‘எனக்குக் குரல் இல்லை. காது கேட்கும். அரங்கில் எழுதித்தான் பதில் சொல்வேன். அவசியம் வாருங்கள்.’ ஆறுதல்கள் குவிந்தன. வருவதாகச் சொல்லியிருந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் மட்டும் தனியாக எழுதினார்: “அப்போ நான் வேற யார்கிட்டயாவது பேசிக்கறேன்.” அவருக்கு நன்றி சொல்லி, கூட வேலை செய்பவரின் எண்ணை அனுப்பி வைத்தார்.

கண்காட்சியில் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். காதும் கேட்காது என்று நினைத்துப் பலர் கத்திப் பேசினார்கள். பழகிய முகங்கள் சில பார்க்காததுபோல் கடந்து போயின.

சோப்புத்தூள்காரி வந்தாள். அவளுடைய தூளையே அடைத்த பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். இழுத்தாள், உதறினாள், கீழே போட்டு மிதித்தே பார்த்தாள்.

“அட, பிரியல!”

கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அவர் தட்டத் தட்ட எட்டிப் பார்த்துப் படித்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் தன் கைப்பேசியில் எழுதிக் காட்ட ஆரம்பித்தாள்.

“நீங்க பேசலாமே. எனக்குக் காது நல்லாவே கேக்கும்” என்று தட்டினார்.

“இந்த இரைச்சல்ல என் குரல் எனக்கே கேக்கலண்ணே!” என்று அவளும் எழுதியே காட்டினாள்.

அவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவள் அன்றே இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் சிலரும் வாங்கினார்கள். பழைய நாட்களின் கூட்டம் இல்லை என்பது அவருக்குத் தெரியாமலில்லை.

“இனிமே கிடங்கு வேணாம்ணே” என்றார் முதலாளியம்மா. “ஆளுங்களைப் பிடிக்கறது உங்க பொறுப்பு. அரங்குல பேசறதுக்கு மட்டும் இன்னொருத்தரைப் போட்டுக்கலாம்.”

தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“சந்தோஷம்தானே?” என்று கேட்டாள் மனைவி.

‘பேசணும்போல இருந்துச்சு’ என்று எழுதிக் காட்டினார். கண் நிறைந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அரங்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் சொன்ன கஷ்டத்தை நினைவில் வைத்து நன்றி எழுத வேண்டியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எழுதத் தொடங்கினார்.