கல் பெஞ்சில் என் ஆபீஸ்

2001-ல் அமெரிக்காவில், சான் ஹோசேயில் என் வேலை போனது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் லேப்டாப் பையுமாகக் கிளம்பி, பழைய பார்க் ஒன்றில் கல் பெஞ்சில் மாலை வரை உட்கார்ந்திருப்பேன். சும்மா இருப்பது இவ்வளவு அசதி தரும் என்று அதுவரை தெரியாது.

ஒருநாள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன். மதியம் மனைவி அதை எடுத்துக்கொண்டு நேராகப் பெஞ்சுக்கே வந்து நின்றாள்.

"எதிர்வீட்டு ஆன்ட்டி வாக்கிங் வந்தப்போ உங்கள இங்க பாத்தாங்களாம். போன வாரமே சொல்லிட்டாங்க."

நான் தலை நிமிரவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் பதித்திருந்த பலகையை அவள் வாசித்தாள்.

"1930கள்ல இந்த நாடே வேலையில்லாம கெடந்தப்போ, வேலை போனவங்கள வெச்சுத்தான் கவர்மென்ட் இந்தப் பார்க்கைக் கட்டுச்சாம். அவங்க போட்ட பெஞ்சுதாங்க இது. கூச்சப்படாம சாப்பிடுங்க."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக எல்லாம் தெரிந்தே டிபன் கட்டிக்கொடுத்தவள். அன்றுதான் தயிர்சாதம் தொண்டையில் இறங்கியது.