தோளில் இருந்த கறை

எங்கள் தாராவிப் பட்டறைக்குப் போர் விமானி ஒருவர் வந்தார் என்றால் பக்கத்துச் சுனாபட்டியில் இருக்கும் சொந்தக்காரர்கள் இன்றும் நம்புவதில்லை. வாப்பா அளப்பதில் கொஞ்சம் தாராளம்தான். ஆனால் இது நடந்தது, நானே சாட்சி.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். நான் பாவாடை கட்டித் திரிந்த வயது. வாப்பா தோல் பை, பெல்ட் தைத்துக்கொண்டிருந்தார். மாட்டுங்காவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பழைய தோல் ஜாக்கெட்டைக் கொடுத்து, உள்ளே கிழிந்த லைனிங்கை மட்டும் மாற்றச் சொன்னார். போரில் போட்டிருந்ததாம். வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா விடுவாரா? துருவித் துருவிக் கேட்டதில் மீதியும் வெளியே வந்தது. குண்டடி பட்டு எரிகிற விமானத்தை அவர் தரையில் இறக்கியிருக்கிறார். மெக்கானிக் ஒருவன் தீக்குள் ஓடிவந்து அவரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறான். பிறகு ஜனாதிபதி கையால் பதக்கம். அந்த மெக்கானிக் பிழைக்கவில்லை என்று அவர் சொன்னபோது, பதக்கம் தங்கமா என்று சாச்சா கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாயைப் பிளந்து நின்றேன். தகரக் கூரைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டாலே தெருவுக்கு ஓடுகிறவள் நான். அதை ஓட்டிய மனுஷன் எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து அரை கிளாஸ் கட்டிங் சாயாவை ஊதி ஊதிக் குடித்தார்.

அன்றிலிருந்து வாப்பா வேறு வேலையைத் தொடவில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வெறும் லைனிங்கா? அதுவும் கறையோடு ஒரு சாமானை வெளியே அனுப்புவது எங்கள் பட்டறைக்கே இழுக்கு. ஜாக்கெட்டின் இடது தோளில் கருப்பாக ஆயில், விரல் விரலாகப் படிந்திருந்தது.

"எவனோ அழுக்குக் கையோட புடிச்சிருக்கான்," என்றாள் உம்மா.

வாப்பா மாவு தூவி எண்ணெயை இழுத்தார், துடைத்தார், சாயம் ஏற்றினார், பாலிஷ் போட்டார். கறை இருந்த இடமே தெரியவில்லை.

பெரியவர் வந்து மாட்டிக்கொண்டார். இடது தோளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குறை ஒண்ணும் இல்லேல்லா, சார்?"

"புதுசு மாதிரி இருக்கு, பாய்," என்ற பெரியவர், நிமிர்ந்து நின்று வாப்பாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்சியில் காத்திருந்த அவர் மனைவிக்கு ஒரு தோல் பர்ஸ் கொடுத்துவிட்டு வரச்சொல்லி வாப்பா என்னையும் பெரியவரோடு அனுப்பினார். ஜாக்கெட்டைக் கண்டதும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

"ஐயோ, உங்களைத் தீயிலேருந்து அவன் இழுத்த கைத்தடம் அது ஒண்ணுதானே மிச்சம் இருந்தது?"

"விடு. ஆசை ஆசையா பண்ணியிருக்கார்," என்ற பெரியவர், குனிந்து என்னிடம், "வாப்பாகிட்ட சொல்லாதேம்மா," என்றார்.

நான் சொல்லவில்லை. கடைசிவரை வாப்பா அந்தச் சல்யூட்டைப் பற்றி ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

அன்று டாக்சி கிளம்பியபோது பெரியவர் வலது கையை இடது தோளில் அழுத்தி வைத்திருந்தார். விமானிகளின் இன்னொரு சல்யூட் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் என் தோளில் கை வைத்து, வண்டி மறையும்வரை விறைப்பாக நின்றேன்.