நரைத்த தலைகளுக்கு ஒரு பேராசிரியை

மாணவர்கள் நம்மைவிட விவரமானவர்கள் என்று முதல் நாளே தெரிந்துகொண்டு, மறுநாளும் வகுப்புக்குப் போகிற தொழில்தான் முதியோர் கல்வி. வயது வந்தவர்களுக்குப் பாடம் சொல்லிப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் முதலாளி ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு ஓர் அறக்கட்டளை எழுதிவைத்தார். எழுத்தறியாத பெரியவர்களுக்குக் கற்பிக்க ஒரு பேராசிரியர் வேண்டும், அவர் திருச்சியிலேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பதவிக்கு வர ஆண்கள் யாரும் முன்வரவில்லை. எனக்குக் கிடைத்தது.

ஆடும் பஸ்ஸும்

முதல் வகுப்பு அந்த மில் களத்திலேயே நடந்தது. அவித்த நெல்லைப் பரப்பிவிட்டு, அடுத்து கிளறிவிடும் வரை பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் கரும்பலகையை மாட்டி, ஆ என்றால் ஆடு என்று ஆரம்பித்தேன். செல்லம்மா என்ற பெண் எழுந்து, ஆடு எங்களுக்குத் தெரியும், பஸ் போர்டுதான் தெரியாது என்றார். மகளின் பிரசவத்துக்கு லால்குடிக்குக் கிளம்பியவர், யாரோ சொன்னதை நம்பி வேறு பஸ் ஏறி முசிறியில் போய் இறங்கியிருக்கிறார். திரும்பி வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

பாடப்புத்தகத்தை மூடினேன். மறுநாளிலிருந்து ஊர்ப் பெயர்கள்தான் பாடம். இரண்டு மாதம் கழித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தானாகவே போர்டு படித்து லால்குடி போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"போர்டுல லால்குடின்னுதான் இருந்துச்சு டீச்சரம்மா. இருந்தாலும் கண்டக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டேன்."

விரல் ஒரு வரி, வாய் ஒரு வரி

ஸ்ரீரங்கத்தில் கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற பெரியவர் ஒருவர், உச்சிக்காலம் முடிந்ததும் பாலம் தாண்டி எங்கள் மத்தியான வகுப்புக்கு வருவார். அங்கேயே ஒரு வகுப்பு இருந்தும் அதற்குப் போகமாட்டார். தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் காரணம். பாசுரப் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று படித்துவிடுவார். பிறகுதான் கவனித்தேன், விரல் ஒரு வரியில் இருந்தது, வாய் வேறொரு வரியில் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் சிறு வயதில் கேட்டே மனப்பாடம் ஆனது.

புளி, பருப்பு, மிளகு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வியர்த்துவிட்டது அவருக்கு. ஆறு மாதம் விடாமல் வந்தார். ஒருநாள் பாசுரத்தின் ஒரு வரியை, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு, விரலும் வாயும் ஒன்றாகப் போய்ச் சேரும்படி படித்து முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாய்க்குத் தெரிஞ்சதெல்லாம் இப்பத்தாம்மா கண்ணுக்குத் தெரியறது."

பினாங்குக் கடிதங்கள்

பழைய நகரத்தில் ஒரு ராவுத்தர் வீட்டுக் கூடத்தில் பெண்களுக்கு வகுப்பு. அதில் ஹாஜிரா பீவி கெட்டிக்காரி. கணவர் பினாங்கில் கடை வைத்திருந்தார். அவருடைய கடிதங்களைப் பக்கத்து வீட்டு மைமூன்தான் வருஷக்கணக்காகப் படித்துச் சொல்லிவந்தார். "உன் முகம் கண்ணுலயே நிக்குது" என்கிற மாதிரி வரிகள் எல்லாக் கடிதத்திலும் உண்டு.

ஹாஜிரா வாசிக்கக் கற்றதும் பெட்டியைத் திறந்து அத்தனை கடிதங்களையும் படித்தார். இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல். அதைத் தாண்டி ஒரு வார்த்தை இல்லை. அந்த அன்பெல்லாம் மைமூன் தானாகச் சேர்த்தது.

மறுவாரம் ஹாஜிரா வகுப்புக்கு வரவில்லை. ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் வந்தார், மைமூனையும் கூட்டிக்கொண்டு. தானே கணவருக்கு எழுதிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"படிக்க நான் கத்துக்கிட்டேன் டீச்சர். எழுத அவங்கதான் கத்துக்கணும். பினாங்குல உங்க மாதிரி யாரும் இல்லீங்களா?"

பத்திரம்

மூன்று வருஷம் முடிந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது. எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்று கேட்டார்கள். யாரும் எழுதவில்லை. அப்படியானால் பதவியை முடித்துக்கொள்ளலாம், அறக்கட்டளைப் பத்திரத்திலேயே அதற்கு இடமிருக்கிறது என்றார் தலைவர்.

மில் முதலாளியும் அங்கே இருந்தார். ஒரு வருஷமாக அவர் களத்தில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால், மேற்பார்வை பார்ப்பவர்போல் உட்கார்ந்திருப்பார். நான் எழுத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் உதடும் அசையும். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு சிலேட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

பத்திரத்தைக் கொடுங்கள் என்று வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் எழுந்தேவிட்டார். அவரைக் கையமர்த்தி உட்காரவைத்துவிட்டு மேலே படித்தார். 'மூன்றாண்டுக்குப் பின் விரும்பினால் கைவிடலாம்' என்ற வரிக்கு வந்ததும் நின்றார். இந்த வரியை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லையே என்றார். பத்திரத்தை மடித்துத் தலைவரிடம் நீட்டினார்.

"அன்னிக்கு வெச்சது கைநாட்டுங்க. அந்த வரியை எடுத்துட்டு எழுதிக் கொண்டாங்க, இந்தத் தடவை கையெழுத்துப் போடறேன்."

அதன்பின் பல வருஷம் அந்தப் பதவியில் இருந்தேன். என் மாணவர் ஒருவரும் பட்டம் வாங்கவில்லை, ஆனால் நீட்டிய எதையும் முழுசாகப் படிக்காமல் அவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை என்பதால், ஊரில் பத்திரம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.