தலைவருக்காகக் காத்திருந்த மணமேடை

என் மகளை மணந்தவரின் தந்தை, எனக்குச் சம்பந்தியாகும் முன்பே நெடுநாள் நண்பர். ஆவடித் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் பணியாற்றினோம். ஒரே கட்சிக்குச் சுவரெழுதினோம். புரோகிதர் வேண்டா, நல்ல நேரம் பார்ப்பது மடமை என்று தெருத்தெருவாகப் பேசியவர் அவர். கேட்டுத் தெளிந்தவன் நான். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு மாலை மாற்றி உறுதிமொழி கூறும் மணமே என்று முடிவாயிற்று. தலைமை தாங்கத் தலைவரே வருவார் என்றார் நண்பர். மகிழ்ந்தேன்.

என் மனைவி அப்போது நோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தாள். மருத்துவரிடம் மன்றாடி, காலைப்பொழுதுக்கு மட்டும் அனுமதி பெற்று, குமணன்சாவடி மண்டபத்துக்குச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தோம். மகள் மாலை சூடுவதைக் காண வேண்டும்; அவள் கேட்டது அது ஒன்றே.

காலையில் வரவேண்டிய தலைவர் உச்சிப்பொழுதாகியும் வரவில்லை. மனைவியின் தலை சாயத் தொடங்கியது. நண்பரை அணுகினேன்.

“ஆரம்பிச்சிடலாம்பா. அவளால உக்கார முடியல.”

“இன்னா அண்ணாத்தே, தலைவர் வந்துகினு கீறாரு. போரூர் தாண்டிட்டாராம்.”

“நேரம் காலம் பாக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன?”

“அது வேற, இது வேற. அவரு கையால எடுத்துக் குடுக்காம எம்புள்ள மாலை போட்டான்னா, நான் எப்டி வெளிய தலை காட்டுவேன்?”

பின்வரிசையில் யாரோ, “ஐயரு வந்திருந்தா இந்நேரம் பந்தியே முடிஞ்சிருக்கும் மாமே” என்றார். சிரிப்பெழுந்தது. நண்பர் முகம் சிவந்தது.

நான் மேடையேற முற்பட்டபோது மனைவி என் கையைப் பற்றினாள்.

“சண்டை வேணாய்யா. நாளைக்கு அந்த ஊட்லதான் அவ வாழணும்.”

சற்று நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்கே திரும்ப அனுப்பினோம். அலங்காரம் கலையாத மகள் வாசல்வரை வந்து நின்றாள்.

மாலையில் தலைவர் வந்தார். நல்ல நேரம் பாராத அறிவுத் திருமணம் என்று மணமக்களைப் பாராட்டினார். அவர் கூறியவை யாவும் நான் நம்பியவையே. இன்றும் நம்புகிறேன். அன்று என்னால் கைதட்ட இயலவில்லை. நண்பரோ ஆனந்தக் கண்ணீர் வடித்தார்.

அந்த வாரமே மனைவி மறைந்தாள். சடங்கேதுமின்றி எடுக்க ஆயத்தமானபோது நண்பர் அருகில் வந்தார். அழுது அழுது அவர் கண்கள் வீங்கியிருந்தன.

“தலைவர் மாலை போட வர்றேன்னு சொல்லிகீறாரு அண்ணாத்தே. கொஞ்சம் பொறுக்கலாமா?”

நான் பாடையின் முன்கொம்பைத் தோளில் ஏற்றினேன். மற்றவர்களும் தோள் கொடுத்தனர். நண்பர் வாசலிலேயே நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.