மொட்டை போடுகிறவனுக்குத் தலை சுற்றியபோது

மலை பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் நான். அதனால் கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சிக்குப் பஸ்ஸில் போய் இறங்கி, மச்சினன் வீட்டு வாசலில் நான் வாந்தி எடுத்தபோது யாரும் கவலைப்படவில்லை. மோந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையிலும் கூரை சுற்றியது. என் மனைவி பாண்டியம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, கண்ணு ரெண்டும் தானா துள்ளுதுங்க." பிறகு தம்பியைப் பார்த்து, "ஏலே, வெரசா வண்டியப் பிடி."

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் என்ன வேலை என்று கேட்டார். பழனி முடிக்கொட்டகையில் மொட்டை போடுகிறேன் என்றேன். அவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, "என் மூக்கையே பாருங்க" என்றார். வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பினார். கண் மூக்கிலேயே நின்றது. இடப்பக்கம் திருப்பியபோது கண்ணும் தலையோடு போய்விட்டு, பிறகுதான் தாவி வந்தது. ஆயிரக்கணக்கான தலைகளைத் திருப்பியிருக்கிறேன், என் தலையை யாரும் திருப்பியதில்லை. கழுத்தை விறைத்துக்கொண்டேன்.

"லூஸா விடுங்க சார்."

தினமும் நான் சொல்கிற வார்த்தை.

வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் (உள்காதின் சமநிலை நரம்பில் வீக்கம்) என்றார். தலை வலப்பக்கம் திரும்பினால் கண் அதே அளவு இடப்பக்கம் நகர வேண்டும். அந்தக் கட்டளை உள்காதில் நீர் நிரம்பிய மூன்று வளையங்களிலிருந்து போகிறது. நடக்கும்போதும் உலகம் ஆடாமல் தெரிவது அதனால்தான். என் இடக்காது ஓய்ந்துவிட்டது. வலக்காது மட்டும் பேசியதால், சும்மா கிடந்த தலை சுழல்கிறது என்று மூளை நம்பிவிட்டது. கண்கள் அதற்கேற்ப ஓடின (இந்தத் துள்ளலுக்கு நிஸ்டாக்மஸ் என்று பெயர்).

"மறுபடி கத்தி பிடிக்க முடியுமாங்க?"

"பெரும்பாலும் முடியும். எக்சர்சைஸ் ரெகுலரா பண்ணணும். படுத்தே இருந்தா பிரெய்ன் பழகாது."

சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, கண்ணை அதில் வைத்து, தலையை இருபுறமும் ஆட்ட வேண்டும். "தலைய ஆட்டாதீங்க" என்று சொல்லியே பிழைத்தவனுக்கு இப்படி ஒரு வைத்தியம். பாண்டியம்மா சரியாக அந்நேரம் தட்டோடு வருவாள். "வேணாமா? அப்ப இந்த இட்லியையும் நானே தின்னுக்கிறேன்" என்று போய்விடுவாள்.

இதே நோயில் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று: தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, கைகால் தளர்ந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது பக்கவாதமாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. பயம் மட்டும் நிறைய இருந்தது. குழந்தையின் தலையில் கத்தி இருக்கும்போது கண் கொஞ்சம் பிந்தினால் போதும்.

சில வாரங்களில் எழுத்து அசையாமல் நின்றது. ஆனாலும் மழை, முதுகுவலி என்று சாக்குச் சொல்லி நான் கொட்டகைக்குப் போகவில்லை. ஒருநாள் பாண்டியம்மாவே என்னை அங்கே இழுத்துப்போனாள். தலையை நனைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீங்க நல்லாகணும்னு முருகனுக்கு முடி குடுக்கிறதா வேண்டியிருக்கேன்."

"வேற ஆளக் கூப்பிடுறேன்."

"உங்க கையாலதான்னு வேண்டியிருக்கேன்."

"வெட்டுப்பட்டா?"

"சந்தனம் எதுக்கு இருக்கு? ஆரம்பிங்க."

ஐந்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் பக்கத்துப் பலகையில் மொட்டை போடுகிறவர், "பயமா இல்லையா தங்கச்சி?" என்று கேட்க, பதில் சொல்ல அவள் சட்டென்று திரும்பினாள். அவளோடு என் தலையும் திரும்பியது. கண் கத்தி முனையிலேயே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பின்னந்தலைக்கு வந்தபோது காதுக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. இருபத்தாறு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம்.

"இது எப்பப் பட்டது?"

"எட்டு வயசுல பேரிக்கா மரத்துலருந்து விழுந்தேன்ல. உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

சொன்னதில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, துளியும் ஆடாமல் நின்ற அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.